பெயர் வேறு, மருந்து ஒன்று

ஒற்றைத் தலைவலியின் கொடுமை அதனை அனுபவித்தவர்களுக்கே தெரியும். தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசும், குமட்டலும் வரும். அந்த வேளையில் வீட்டிலுள்ள வலி நிவாரணியைத் தேடிக் கை நீள்வது இயல்பு. மருத்துவரின் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும் மாத்திரைதானே, அதனால் என்ன தீங்கு வரும் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலோர்க்கு அளவோடு உட்கொண்டால் தீங்கில்லைதான். வேறொரு மருந்தோடு சேரும்போது சிக்கல் எழலாம்.

இச்சிக்கல் இரு வகைப்படும். முதலாவது, ஒரே மருந்தை அறியாமல் இருமடங்காக உட்கொள்வது. பெனடோல் மாத்திரையில் வலியைப் போக்கும் பொருள் பாராசிட்டமோல். சளிக்கும் காய்ச்சலுக்கும் விற்கப்படும் பல மாத்திரைகளிலும் இதே பொருள் உள்ளது. பெட்டியின் நிறமும் பெயரும் வேறுபடுவதால் இது பலருக்குத் தெரிவதில்லை. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 4,000 மில்லிகிராமுக்கு மேல் பாராசிட்டமோல் உட்கொள்ளக் கூடாது. அதாவது, 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு. தலைவலிக்கு இரண்டு, சளிக்கு இரண்டு என ஒரே வேளையில் இத்தகைய நான்கு மாத்திரைகளை விழுங்குபவர், இரண்டே வேளையில் அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். எல்லை மீறினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தெரியாமலும் போகலாம் என்பதே இதிலுள்ள பேராபத்து.

இரண்டாவது, ஒன்றுக்கொன்று ஒவ்வாத மருந்துகளைச் சேர்த்து உட்கொள்வது. ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் உடலில் வலியைத் தூண்டும் பொருள்கள் உருவாவதைத் தடுக்கின்றன. அப்பொருள்களே இரைப்பையின் உட்சுவரையும் பாதுகாக்கின்றன. ஆகவே, இவ்விரண்டையும் சேர்த்து உட்கொண்டால் இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்ளும் தாத்தாவிடம், “எனக்கு இது நன்றாகக் கேட்டது” என்று பேரன் இபுப்ரோஃபென் மாத்திரையை நீட்டுவது அன்பினால்தான். ஆனால், அது கடுமையான இரத்தப்போக்கில் முடியலாம். இரத்த அழுத்த மருந்துகள் சிலவற்றின் பயனையும் இபுப்ரோஃபென் குறைத்துவிடும்.

காய்ச்சலோடு தலைவலி வந்தால் கூடுதல் கவனம் தேவை. அது டிங்கிக் காய்ச்சலாக இருந்தால், ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும். மேலும், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி ஆஸ்பிரின் உட்கொள்ளக் கூடாது.

எனவே, மாத்திரை வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்துப் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. அதில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் உள்ளது என்பதையும் படிக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளையும் மூலிகை மருந்துகளையும் மருந்தாளரிடம் மறைக்காமல் கூற வேண்டும். பெயர்கள் நினைவில் இல்லையென்றால், அந்த மருந்துப் பெட்டிகளையே கையோடு எடுத்துச் செல்லலாம்.