முடியும் படையும்

ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் ஸ்பானியக் கழகங்கள் வலியனவா, ஆங்கிலக் கழகங்கள் வலியனவா என்பது மாணவரிடையே ஓயாத வழக்கு. ஒருநாள் அதனை என் மேசைக்கே கொணர்ந்தனர். இலக்கண ஆசிரியன் ஆதலின், தீர்ப்புக் கூறுமுன் சொல்லை ஆராயப் புகுந்தேன். 'வலிமை' என்று இவர்கள் கருதுவது எதனை? தலைவன் சூடிய முடியையா? அவன் பின்னே நிற்கும் படையையா?

முதலில் முடியை எண்ணுவோம். 1956 இல் முதன்முதல் வெல்லப்பெற்றதும், இன்று சம்பியன்ஸ் லீக் என வழங்குவதுமாகிய ஐரோப்பியக் கிண்ணத்தை 2025 வரை ஸ்பானியக் கழகங்கள் 20 முறையும் ஆங்கிலக் கழகங்கள் 15 முறையும் வென்றன. 'வழக்கு முடிந்தது' என்று ஒரு சாரார் ஆர்ப்பரித்தனர். யானோ பொறுக்குமாறு கூறினேன். ஸ்பெயினின் இருபதில் றியல் மட்றிட் பெற்றவை 15. பார்சிலோனா பெற்றவை 5. பிற கழகங்கள் பெற்றது யாதுமில்லை. ஆங்கிலேயரின் பதினைந்தோ லிவர்பூல், மன்செஸ்டர் யுனைற்றட் முதலிய ஆறு கழகங்களிடையே பகிரப்பட்டவை.

இனிப் படையை நோக்குவோம். ஸ்பெயினின் இடைநிலைக் கழகங்கள் மெலிந்தவை என்றல் பொருந்தாது. அடுத்த நிலைப் போட்டியாகிய யூரோப்பா லீக்கினைச் செவில்லா 2006 முதல் 2023 வரை ஏழு முறை வென்றது. ஏறத்தாழ 50,000 மக்களே வாழும் வில்லாறியல் என்னும் சிறுநகரின் கழகம், 2021 இல் மன்செஸ்டர் யுனைற்றட்டைத் தண்ட உதைகளில் 11-10 என வீழ்த்தி அக்கிண்ணத்தைக் கைக்கொண்டது. ஆயினும் 2025 இல் அதே போட்டியின் இறுதியாட்டத்தில் நின்ற இரண்டும் ஆங்கிலக் கழகங்கள். அவை தம் நாட்டு லீக்கில் அவ்வாண்டு பெற்ற இடங்கள் 15 உம் 17 உம் என்றால் நம்புதல் அரிது! கடைநிலையினரும் கிண்ணத்துக்குப் போராடும் படை அது.

இதற்கு முதற் காரணம் பொருள். இங்கிலாந்தின் முதற்பிரிவுக் கழகங்கள் 1992 முதல் தொலைக்காட்சி உரிமையை ஒன்றுகூடி விற்றுப் பகிர்ந்தன. ஸ்பெயினில் கழகங்கள் தனித்தனியே விற்றமையால் பெரும்பங்கு இரு பெருங் கழகங்களையே சேர்ந்தது. 2015 இல் அரசு ஆணையிட்டுக் கூட்டு விற்பனையைப் புகுத்தியது. அதற்குள் இடைவெளி பெருகிவிட்டது.

ஆகவே, 'முடி ஸ்பெயினுக்கு. படை இங்கிலாந்துக்கு' என்று தீர்ப்பளித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, 2023 இல் மன்செஸ்டர் சிற்றி ஐரோப்பிய முடி சூடியபோது அதன் பயிற்றுநர் குவார்டியோலா, இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் றொட்றி. இருவரும் ஸ்பானியர். றொட்றி இளமையில் பயின்று முன்னணிக்கு வந்தது, நீங்கள் கூறிய அந்த வில்லாறியலில். அப்படியானால் அந்தப் படை யாருடையது?"

விடை கூற இயலாது நின்றேன். களஞ்சியம் நிறைந்தவனைச் செல்வன் என்று போற்றிய என் தீர்ப்பில், விதைத்தவன் பெயர் விடுபட்டிருந்தது. அம்மாணவனை அமரச் சொல்லாமல், முன்வந்து வழக்கை மீண்டும் தொடங்குமாறு பணித்தேன்.