குடியும் ஈரலும் நிற்காத இரத்தமும்

பல வருடங்களாகக் கசிப்போ சாராயமோ குடித்து வருபவருக்குப் பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருகிறது. எங்கும் இடிபடாமலே தோல் நீலம் பாரிக்கிறது. மண்வெட்டி பட்ட சிறுகாயமும் நெடுநேரம் கசிகிறது. "உடம்பிலே சூடு" என்று விட்டுவிடுவோர் எம்மிடையே அநேகர். இது ஈரல் பழுதடைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

இரத்தம் உறைவதற்கு முதலில் சிறுதட்டுக்கள் ஓடிவந்து காயத்தை அடைக்கின்றன. பின்னர் சில புரதங்கள் அவ்வடைப்பை இறுகப் பிணைக்கின்றன. இப்புரதங்களில் பெரும்பாலானவற்றை ஆக்குவது ஈரலே. அவற்றுட் சிலவற்றுக்கு விற்றமின் கே வேண்டும். 1929இல் டென்மார்க் நாட்டு ஹென்றிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனி உண்ட கோழிக்குஞ்சுகளின் தோலின்கீழ் இரத்தம் கசிவதைக் கண்டார். அதன் வழியே இச்சத்து அறியப்பட்டது. கீரைகளில் இது தாராளமாக உண்டு. ஆனால் ஈரல் தழும்பேறி இறுகியபின் கீரையோ ஊசியோ மட்டும் போதாது. சத்து வந்தாலும் வேலை செய்ய ஆளில்லை.

சிறுதட்டுக்களும் குறைகின்றன. அவை உற்பத்தியாகும் என்பு மச்சையை மதுவே தாக்குகிறது. மேலும், வாய்க்காலை அடைத்தால் மேற்புறம் நீர் தேங்குமல்லவா? அதுபோல, இறுகிய ஈரலுக்குள் புகமுடியாத இரத்தம் பின்னே தேங்குகிறது. மண்ணீரல் வீங்கிச் சிறுதட்டுக்களைத் தன்னுள் பிடித்து வைக்கிறது. உணவுக்குழாயின் அடியிலுள்ள நாளங்கள் புடைத்து, ஒருநாள் வெடிக்கவும் கூடும். மிகவும் அஞ்சவேண்டியது இதற்கே. இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று பாராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். (இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆயினும் குடிப்பவர் விடயத்தில் அதை வைத்தியரே தீர்மானிக்கட்டும்.)

"இரத்தம் தண்ணீராகிவிட்டது" என்பதும் முழுச்சரியன்று. உறைதலைத் தடுக்கும் புரதங்களையும் ஈரலே ஆக்குவதால் அவையும் குறைகின்றன. ஆகவே காலிலோ ஈரலுக்குச் செல்லும் நாளத்திலோ இரத்தம் கட்டிபடவும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் உடனே காட்டுங்கள்.

அஸ்பிரின், புறூபன், டைக்குளோபெனாக் என்பவற்றைக் கடையில் வாங்கிக் கொடுக்கவேண்டாம். பனடோலின் அளவையும் வைத்தியரிடம் கேட்டறியுங்கள். பல் பிடுங்கப் போனால் குடிப்பதை மறைக்காது சொல்லுங்கள். இடம்பெயர்ந்ததில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் பழைய நோய்களை வாயாற் சொன்னாலும் போதும்.

குடியை விட்டால், மச்சை பாதிக்கப்பட்டதால் குறைந்த சிறுதட்டுக்கள் ஓரிரு வாரங்களில் ஏறத் தொடங்கும். தழும்பு இலகுவில் மாறாது, எனினும் மேலும் பரவுவது குறையும். நாளாந்தம் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகையால் நிறுத்துமுன் வைத்தியரிடம் கூட்டிச்செல்லுங்கள்.