பொறியின் இயங்கு வெப்பநிலை

பொறியின் இயங்கு வெப்பநிலை என்பது ஒரு தானுந்தின் பொறி நன்கு சூடேறி, சீராக ஓடும்போது அதனுள் சுற்றிவரும் குளிர்நீர்மம் கொண்டிருக்கும் வெப்பநிலை ஆகும். நீரால் குளிர்விக்கப்படும் பெரும்பாலான சிறிய தானுந்துகளில் இது ஏறத்தாழ 85 முதல் 105 பாகை செல்சியசு வரை இருக்கும். குளிர்நீர்மம் எனப் பெயர் பெற்றிருந்தாலும், கொதிநீரை ஒத்த சூட்டில் இருப்பதே அதன் இயல்பு.

சூடு தேவைப்படும் காரணம்

உருளைக்குள் பெட்ரோல் எரியும்போது வளிமத்தின் வெப்பநிலை ஒரு கணம் 2000 பாகையைத் தாண்டுகிறது. அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். எனவே வெப்பத்தின் ஒரு பகுதியை ஓயாமல் வெளியேற்ற வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிக் குளிர்வித்தாலும் கேடுதான். குளிர்ந்த சுவர்களில் பெட்ரோல் முழுதும் ஆவியாகாது. அதனால் கூடுதல் எரிபொருள் தேவைப்படும். ஆவியாகாத துளிகள் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எரிதலில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்து எண்ணெயுடன் கலக்கும். நாள்தோறும் ஓரிரு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டப்படும் வண்டியின் பொறி விரைவில் தேய்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வெப்பநிலையைக் காக்கும் உறுப்புகள்

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த சிறிய அடைப்பிதழ். பல வண்டிகளில் 82 முதல் 88 பாகைக்குள் மெழுகு உருகி, விரிந்து, வழியைத் திறக்கும். அதுவரை நீர்மம் பொறிக்குள்ளேயே சுற்றும். பின்னரே ரேடியேட்டருக்குச் செல்லும்.

வண்டி விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது. நெரிசலில் நிற்கும்போது விசிறி தேவை. 1983 முதல் 2014 வரை இந்தியாவில் உருவாக்கப்பட்ட மாருதி 800 போன்ற வண்டிகளில் பொறி குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் விசிறியைப் பொறியின் பட்டையால் நேரடியாகச் சுழற்றுவது எளிதன்று, மின்னோடி சுழற்றுகிறது. நெடுஞ்சாலையில் சூடேறாத வண்டி நெரிசலில் மட்டும் சூடேறினால் முதலில் இவ்விசிறியை ஐயுற வேண்டும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அழுத்தச் சமையற்கலனைப் போல, வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தத்தை அது உள்ளே தேக்குகிறது. அந்நிலையில் நீர் 120 பாகை அளவில்தான் கொதிக்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்தால் கொதிநிலை மேலும் உயரும்.

வெப்பமானியின் முள்

முள் நடுவில் நிற்பதைக் கண்டு வெப்பநிலை மாறவேயில்லை என எண்ணலாகாது. பல தானுந்துகளில், இயல்பான எல்லைக்குள் நிகழும் சிறு ஏற்ற இறக்கங்களைக் காட்டாதவாறே அது வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆகவே முள் நடுவை விட்டு மேலேறத் தொடங்கும்போது வெப்பநிலை ஏற்கெனவே கணிசமாக உயர்ந்திருக்கக்கூடும். சில சிறிய வண்டிகளில் முள்ளே இல்லை. பொறி குளிர்ந்திருக்கையில் நீல விளக்கும், மிகச் சூடேறினால் சிவப்பு விளக்கும் எரியும்.

நீர்மம் ஒழுகித் தீர்ந்துவிட்டால் இன்னும் இடர். உணரி நீரில் தோய்ந்திருந்தால்தான் சரியான அளவைத் தரும். வெறும் ஆவி சூழ்ந்திருக்கும்போது அது குறைந்த அளவைக் காட்டக்கூடும். பொறி வெந்துகொண்டிருக்க, முள் கீழிறங்குவதும் உண்டு.

மிகைச்சூட்டின்போது

மிகைச்சூட்டில் அலுமினியத் தலைப்பகுதி நெளியும். தலைக்கும் உருளைக் கட்டைக்கும் இடையிலுள்ள கேஸ்கட் பழுதாகும். முள் சிவப்பை நெருங்கினால் குளிரூட்டியை நிறுத்தி, வண்டிக்குள் சூடேற்றி இருப்பின் அதை முழு அளவில் இயக்கலாம். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர் போலவே வெப்பத்தை வெளியேற்றும். பின்பு பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பொறியை அணைக்க வேண்டும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் திடீரெனக் குறைவதால் உள்ளே 100 பாகைக்கு மேலிருக்கும் நீர் அக்கணமே கொதித்துப் பீறிட்டு, முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். பொறி நன்கு ஆறிய பிறகே மூடியைத் திறந்து நீர் சேர்க்கலாம். கொதிக்கும் பொறியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும்.