ரிக்வுட்: ஒரே ஆடுகளம், இரண்டு அணிகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்த பர்மிங்ஹாம் நகரில், 1910 ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்ட ரிக்வுட் ஃபீல்ட், அந்நாட்டில் இன்றும் நிலைத்திருக்கும் தொழில்முறை பேஸ்பால் அரங்குகளுள் மிகப் பழமையானதாகும். உள்ளூர் அணியான பாரன்ஸின் உரிமையாளரும் இரும்புத் தொழிலதிபருமான ரிக் வுட்வர்ட், மர அரங்குகள் அடிக்கடி தீக்கிரையான அக்காலத்தில், கான்கிரீட்டாலும் எஃகாலும் இதனைக் கட்டுவித்தார். அரங்கின் பெயரும் அவர் பெயரிலிருந்தே பிறந்தது. பாரன்ஸ் ஆடியது ‘மைனர் லீக்’ எனப்படும் இரண்டாம் நிலைப் போட்டித் தொடரில்; பெருநகர அணிகள் மோதும் ‘மேஜர் லீக்’ தொடருக்குச் செல்லும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இந்நிலையில் தேர்ந்தே மேலேறுவர்.

பழமையை மட்டும் போற்றுவோர் இவ்வரங்கின் வரலாற்றில் பாதியைத் தவறவிடுகின்றனர். இவ்விரு நிலைகளிலும் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினத்தவருக்கென உருவான தொடர்கள் ‘நீக்ரோ லீக்’ எனப்பட்டன; அவற்றில் பங்கேற்ற பிளாக் பாரன்ஸ் அணி, பாரன்ஸ் வெளியூர் சென்ற நாட்களில் அதே ஆடுகளத்தில் ஆடியது. வெள்ளையர் அணி ஆடிய நாட்களிலோ, கறுப்பினப் பார்வையாளர்கள் வலப்புறக் கோடியில் தனியே பிரிக்கப்பட்ட பகுதியிலேயே அமர வேண்டியிருந்தது.

1948இல், பள்ளிப் படிப்பைக்கூட முடித்திராத பதினேழு வயது வில்லி மேஸ் பிளாக் பாரன்ஸில் சேர்ந்தார். அவ்வாண்டின் நீக்ரோ லீக் இறுதித் தொடரில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு எதிராக ரிக்வுட்டில் நடந்த ஓர் ஆட்டத்தில் பந்து வீசி வென்றவர் பில் கிரீசன். கடைசிக் கட்டத்தில் வெற்றி ஓட்டத்தைப் பெற்றுத்தந்தது மேஸின் அடி. ஆயினும் தொடரை கிரேஸ் அணியே வென்றது. நீக்ரோ லீக்கின் இறுதித் தொடர்களுள் அதுவே கடைசி. பின்னர் மேஜர் லீக்கில் 660 ஹோம் ரன்கள், அதாவது பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துப் பெறும் ஓட்டங்கள், குவித்த மேஸுக்குத் தொழில்முறைக் களம் அமைத்துக் கொடுத்த நகரம், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பேஸ்பால் ஆடுவதையே 1950இல் சட்டத்தால் தடுத்தது என்பது வேதனைக்குரியது. அப்பிடிவாதம் நகரத்தையே தாக்கியது: பாரன்ஸ் ஆடிவந்த சதர்ன் அசோசியேஷன் தொடர் 1961உடன் முடிவுற, இரண்டு பருவங்கள் ரிக்வுட் மைனர் லீக் அணியின்றிக் கிடந்தது. 1964இல்தான் இரு இனத்தவரும் இணைந்த உள்ளூர் அணி அங்கே ஆடியது.

1987 பருவத்திற்குப் பின் பாரன்ஸ் புறநகர் அரங்கொன்றுக்கு இடம்பெயர்ந்தது. கைவிடப்படும் நிலையிலிருந்த அரங்கை, 1992 முதல் ஆர்வலர் குழு ஒன்று பழைய தோற்றம் குலையாமல் சீரமைத்துப் பேணியது. 2024 ஜூன் 20 அன்று மேஜர் லீக் ஆட்டமொன்று அங்கே நடைபெற்றது. அதற்கு இரண்டு நாட்கள் முன்னர் மேஸ் தம் 93ஆம் வயதில் காலமாகியிருந்தார். தொடக்கப் பந்தை 99 வயது கிரீசன் வீசினார். 1967இல் பர்மிங்ஹாம் அணிக்கு ஆடிய ரெஜி ஜாக்சன், அந்நகரின் உணவகங்களும் விடுதிகளும் தம்மை நிறத்தின் பெயரால் திருப்பியனுப்பிய கொடுமையை, அன்று நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த நேரலையில் மறைக்காமல் எடுத்துரைத்தார்.