தொடை இடுக்கு அரிப்பும் மெடிக்கல் ஷாப் டியூபும்

தொடை இடுக்கில் ஓரம் தடித்து, நடுவில் சற்றுத் தெளிந்து, வட்டமாகப் பரவுகிற அரிப்பு பெரும்பாலும் படர்தாமரை. பூஞ்சைத் தொற்று. வழக்கமாக விதைப்பையை விட்டுவிடும். டாக்டரிடம் காட்ட வெட்கப்படுகிற பையன் மெடிக்கல் ஷாப்பில் மெதுவாகச் சொல்லி ஒரு டியூப் வாங்கிடுவான். சிக்கலே அங்கேதான். பல டியூப்களில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்கும். ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும். ஆனா அடங்கினது தோலின் எதிர்ப்பு, பூஞ்சை இல்லை. நிறுத்தினதும் முன்னைவிட அகலமாகக் கிளம்பும். மாசக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து தொடையில் வரிவரியாகத் தழும்பு விழும். அது முழுசா மறையாது. ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. விதி காகிதத்தில் இருக்கிறது, டியூப் கடையில் இருக்கிறது.

கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கான்னும் பாருங்க. ஜட்டி போடும்போது அதே பூஞ்சை மேலே ஏறும். அதனால முதலில் சாக்ஸ், அப்புறம் ஜட்டி (சிரிக்காதீங்க, தோல் டாக்டர்களே சொல்வதுதான்). ஹாஸ்டல், மேன்ஷன் பசங்க துண்டைப் பகிர வேண்டாம். டாக்டர் தந்த பூஞ்சை மருந்தை, அரிப்பு நின்னதுமே விட்டுடாம, அவர் சொன்ன நாள்வரை போடணும்.

முன்தோலுக்கடியில் சிவந்து, வெள்ளையாகப் படிந்து, திரும்பத் திரும்ப வந்தால் கேண்டிடாவாக இருக்கலாம். சின்ன வயசானாலும் சர்க்கரை பார்த்துடுங்க. சிறுநீர்த் துவாரத்தில் சீழ், உறுப்பில் புண் என்றால் களிம்புக்கு வேலையே இல்லை. அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகணும், துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுக்கணும்.