கட்டற்ற சந்தைக் கொள்கையும் மாநில அரசின் செலவும்

அரசு மக்களிடமிருந்து எவ்வளவு பொருளைப் பெறலாம், பெற்றதை எவற்றிற்குச் செலவிடல் வேண்டும் என்பன அரசியலும் பொருளியலும் ஒன்றுகூடும் இடத்தில் எழும் வினாக்களாகும். அரசின் கை குறுகின் மக்களின் முயற்சி பெருகும் என்பர் ஒரு சாரார். அரசின் கை குறுகின் எளியோரின் பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயாளருக்கு மருந்தும் கிட்டா என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களின் வலிமையையும் வெறும் வாதத்தினால் அளந்தறிதல் அரிது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாநிலங்கள் சிலவற்றில் முன்னைய கொள்கை சட்டமாக்கப்பட்டு, அதன் விளைவுகள் ஆண்டுதோறும் கணக்கிடப்பட்டுள்ளன. ஆதலின் அவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

கொள்கையின் தோற்றம்

1776ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் அடம் சிமித் அரசுக்கு மூன்று கடமைகளை வகுத்தார். நாட்டைப் பகைவரிடமிருந்து காத்தல், நீதி வழங்கல், தனியார் இலாபங் கருதி மேற்கொள்ளாத பொதுப் பணிகளைச் செய்தல் என்பனவே அவை. வீதிகள், பாலங்கள், பொதுமக்களின் பிள்ளைகளுக்கான கல்வி ஆகியன மூன்றாவது கடமையுள் அடங்கும். சிமித்தின் பெயரைக் கூறி அரசுக்கு ஒரு கடமையும் இல்லையென வாதிப்போர் அந்நூலின் ஐந்தாம் பகுதியைப் படியாதவரேயாவர்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கொள்கைக்குப் புத்துயிரளித்தவருள் மில்ரன் பிறீட்மன் முதன்மையானவர். ஒரு சேவைக்குப் பணம் கொடுத்தல் வேறு, அச்சேவையைத் தானே நடாத்துதல் வேறு என அவர் பிரித்துக் காட்டினார். கல்விக்கு அரசு பொருளுதவலாம். ஆனால் பாடசாலைகளை அரசே நடாத்தல் வேண்டுமென்பதில்லை. பெற்றோரிடம் உறுதிச்சீட்டைக் கொடுப்பின் அவர்கள் தாம் விரும்பிய பாடசாலையைத் தெரிந்துகொள்வர் என 1955இல் எழுதிய கட்டுரையொன்றில் வாதித்தார். 1990இல் விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரில் இம்முறை சிறு அளவில் நடைமுறைக்கு வந்தது.

வரி பற்றிய வாதத்தை ஆதர் லாபர் என்பவர் பரப்பினார். வரிவீதம் சுழியமாயின் வருவாயில்லை. நூற்றுக்கு நூறாயினும் உழைப்பார் இன்மையால் வருவாயில்லை. ஆகவே இடையில் ஓரிடத்தில் வருவாய் உச்சத்தை எட்டும் என்பது அவர் கூற்று. இதனை மறுப்பார் இலர். நடைமுறையிலுள்ள வீதம் அவ்வுச்சிக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பதே வினா. மேலேயிருப்பின் வரிக்குறைப்பு வருவாயைப் பெருக்கும், கீழேயிருப்பின் குறைக்கும்.

மாநிலத்தின் தனியியல்பு

நடுவண் அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். மாநிலம் நாணயம் வெளியிட இயலாது. அன்றியும், ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் தம் வரவையும் செலவையும் சமப்படுத்தச் சட்டத்தாற் கட்டுண்டவை. ஆகவே வரியைக் குறைக்கும் மாநிலம் செலவைக் குறைத்தல் வேண்டும், அல்லது வேறொரு வரியைக் கூட்டுதல் வேண்டும். மறுபுறத்தில், மக்களும் முதலும் மாநில எல்லையைத் தடையின்றிக் கடக்கலாம். தமக்கேற்ற வரியும் சேவையும் உள்ள இடத்தை நாடி மக்கள் குடிபெயர்வர் என்பதனை 1956இல் சாள்ஸ் ரீபூ விளக்கினார். வரி குறைந்த மாநிலம் தொழில்களை ஈர்க்கும் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

கலிபோர்ணியாவும் கொலராடோவும்

1978ஆம் ஆண்டு யூன் 6ஆம் நாள் கலிபோர்ணியா மக்கள் 13ஆம் இலக்கப் பிரேரணையை வாக்களித்து நிறைவேற்றினர். ஆதனவரி மதிப்பின் நூற்றுக்கு 1 வீதத்துக்கு மேற்படலாகாது. ஆதனம் கைமாறும்வரை அதன் மதிப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு 2 வீதத்துக்கு மேல் உயர்த்தப்படலாகாது என அது விதித்தது. வீட்டின் விலையேற்றத்தால் வரிகட்ட வகையற்றிருந்த முதியோர் இதனாற் பாதுகாப்புற்றனர். ஆயினும் ஆதனவரி வருவாய் பாதிக்கு மேல் வீழ்ந்தது. உள்ளூர்ப் பாடசாலைகளைத் தாங்க மாநில அரசு முன்வர நேர்ந்தது. பொருள் சென்ற வழியே அதிகாரமும் சென்றமையால், அரசைச் சுருக்க விழைந்த சட்டம் உள்ளூர் மன்றங்களை மெலிவித்துத் தலைநகரை வலுப்படுத்தியது.

கொலராடோ 1992இல் வேறொரு வழியைக் கைக்கொண்டது. மக்கட்டொகைப் பெருக்கமும் விலைவாசி உயர்வும் சேர்ந்த அளவுக்கு மேல் அரசின் வருவாய் வளரலாகாது. மிகுதியை மக்களுக்கு மீளக் கொடுத்தல் வேண்டும். வரியைக் கூட்டுதற்கு மக்களின் வாக்கு வேண்டும் என அரசியலமைப்பில் விதிக்கப்பட்டது. அரசின் கணக்கை மக்களின் கண்முன் நிறுத்தியமை இதன் சிறப்பு. பொருளாதாரம் தளர்ந்த ஆண்டில் வருவாய் வீழின், அடுத்த ஆண்டின் எல்லை அவ்வீழ்ச்சியிலிருந்தே கணக்கிடப்பட்டமை இதன் குறை. 2005இல் கொலராடோ மக்களே வாக்களித்து வருவாயெல்லையை 5 ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தனர்.

கன்சாஸ் மாநிலத்தின் பரிசோதனை

இவை யாவற்றினும் தெளிவான பாடந் தருவது கன்சாஸ் மாநிலமே. ஆளுநர் சாம் பிரௌன்பாக், லாபரின் ஆலோசனையையும் பெற்று, 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் பெரும் வரிக்குறைப்புச் சட்டமொன்றிற்குக் கையொப்பமிட்டார். உச்ச வருமான வரிவீதம் நூற்றுக்கு 6.45இலிருந்து 4.9ஆகக் குறைந்தது. கூட்டுத்தாபனமல்லாத தொழில்களின் உரிமையாளர் பெறும் தொழில் வருமானம் மாநில வருமான வரியிலிருந்து முற்றாக விலக்கப்பட்டது. தொழில்கள் பெருகும், வேலைகள் மலியும், வருவாய் மீளும் என எதிர்பார்க்கப்பட்டது.

நிகழ்ந்தது வேறு. 2014ஆம் நிதியாண்டில் வருவாய் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 70 கோடி டொலர் வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியின் ஒரு பகுதி, நடுவண் வரிமாற்றத்தை எதிர்பார்த்துச் செல்வர் 2012இலேயே தம் இலாபங்களைப் பெற்றுக்கொண்டமையால் நேர்ந்தது என்பதும் உண்மை. எனினும் பின்வந்த ஆண்டுகளிலும் பற்றாக்குறை நீங்கவில்லை. பெருந்தெருக்களுக்கென ஒதுக்கிய பணம் வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டது. ஓய்வூதிய நிதிக்குச் செலுத்த வேண்டியவை பிற்போடப்பட்டன. 2015இல் விற்பனை வரி நூற்றுக்கு 6.15இலிருந்து 6.5ஆக உயர்த்தப்பட்டது. உணவுப் பொருள்களுக்கும் அவ்வரி இருந்தமையால், செல்வரின் தோளிலிருந்து இறக்கிய சுமையின் ஒரு பகுதி வறியவரின் கூடையில் ஏறியது. அதே ஆண்டில் சில பாடசாலை மாவட்டங்கள் பணமின்மையாற் கல்வியாண்டைக் குறித்த நாளுக்கு முன்னரே முடித்தன.

கல்விக்குத் தக்க பொருளுதவி செய்தல் சட்டசபையின் கடமையெனக் கன்சாஸ் அரசியலமைப்புக் கூறுகின்றது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மாநில உயர் நீதிமன்றம் அக்கடமை நிறைவேற்றப்படவில்லை எனத் தீர்த்தது. மாணவருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் வாசிப்பிலும் கணிதத்திலும் அடிப்படைத் திறனைப் பெறவில்லை எனவுஞ் சுட்டியது. அவ்வாண்டு யூன் மாதத்தில், ஆளுநரின் சொந்தக் கட்சியே பெரும்பான்மையாயிருந்த இரு சபைகளும் அவரது மறுப்பையும் மீறி வரிக்குறைப்பின் பெரும்பகுதியை நீக்கின.

தோல்வியின் காரணங்கள்

ஆதரித்தோர் கூறும் சமாதானமும் கேட்கத்தக்கது. விளைபொருள் விலையும் எண்ணெய் விலையும் அக்காலத்தில் வீழ்ந்தன. செலவும் வரிக்கேற்பக் குறைக்கப்படவில்லை என்பர். இவற்றில் உண்மையுண்டு. ஆயினும் முதற்காரணம் வேறு. நூற்றுக்கு 6.45 என்னும் வீதம் லாபர் கூறிய உச்சிக்கு மிகக் கீழேயே இருந்தது. ஆங்கிருந்து இறங்கின் வருவாயும் இறங்குதலே இயல்பு.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஒரே அளவான வருமானத்தை ஒரே வகையாக நடாத்தல் வேண்டும் என்பது கட்டற்ற சந்தைக் கொள்கையின் உயிர்நாடி. கன்சாஸ் சட்டமோ கூலி பெறுவோனிடம் வரி கொண்டது. அவனுக்குக் கூலி கொடுத்த தொழிலுரிமையாளனை விட்டது. அதனாற் பலர் புதுத்தொழில் தொடங்குவதற்குப் பதிலாகத் தம் வருமானத்தின் பெயரையே மாற்றிக்கொண்டனர். எனவே அங்கு தோற்றது அக்கொள்கை முழுவதுமன்று. அதன் பெயராற் செய்யப்பட்ட சலுகையே எனலாம்.

வடகரோலினாவின் செய்கை இதனை விளக்கும். அம்மாநிலம் 2013இற் சட்டமியற்றி, மூன்று வருமான வரிவீதங்களை நீக்கி, 2014இலிருந்து நூற்றுக்கு 5.8 என்னும் ஒரே வீதத்தை வைத்தது. அதே வேளையில் விலக்குகள் பலவற்றை ஒழித்து, விற்பனை வரியின் பரப்பை விரித்தது. பிற்காலக் கூட்டுத்தாபன வரிக்குறைப்புக்களுட் சில, வருவாய் குறித்த அளவை எட்டினாலன்றி நடைமுறைக்கு வாராவென விதித்தது. சுமை எளியோர் மீது சாய்ந்தது என்ற கண்டனம் அங்கும் எழுந்தது. ஆயினும் கன்சாஸ் கண்ட இடர்ப்பாடு அங்கு நேரவில்லை.

முடிவுரை

இம்மாநிலங்களின் வரலாற்றிலிருந்து பெறப்படுவன சில. வரி குறைவாயிருத்தல் நன்றே. ஆனால் எச்செலவு விடப்படும் என்பதனை முன்னரே கூறாத வரிக்குறைப்பு, செலவைக் குறைப்பதன்று, மறைப்பதாகும். மறைத்த செலவு பழுதுபடாத வீதியிலும் செழித்த தொழிலிலும் வெளிப்படாது; பழுதுற்ற வீதியிலும் மூடிய வகுப்பறையிலுமே வெளிப்படும். வீதியைப் பத்தாண்டு கழித்துத் திருத்தலாம். ஒரு மாணவன் இழந்த பள்ளிப்பருவமோ எந்த நிதியாண்டிலும் மீளாது. சந்தையின் வலிமையைப் போற்றுவோரும் அரசின் கடமையை வலியுறுத்துவோரும் ஒருங்கே மனத்திற் கொள்ளத்தக்க உண்மை இதுவாகும்.