போனில் நகரும் புள்ளி நின்றுவிட்டால்... பதற வேண்டுமா?

மகளை விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்த இரவில், வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. முன்பெல்லாம் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைப்பார்கள். இப்போது அதோடு போனையும் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் நகர்கிறது. அது நகரும்வரை நிம்மதி. நடுக்கடலில் நின்றுவிட்டாலோ, ‘என்னங்க, பிளேன் அங்கேயே நிக்குது!’ என்று வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடுகிறது.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கவலைக்கே வழியில்லை. வெளிநாடு போனவர் ‘நலமாக வந்து சேர்ந்தேன்’ என்று தந்தி கொடுத்தால் பெரிய விஷயம். நீல நிற ஏர்மெயில் கடிதம் வர நாள்கணக்கில் ஆகும். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்தபடியே பேசிவிட்டு வைப்பார்கள். அந்தத் தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நின்றுபோனது. அன்று தகவல் வராமல் இருப்பது இயல்பு. இன்றோ இரண்டு மணி நேரம் தகவல் இல்லையென்றால், அதுவே கெட்ட செய்தி போலத் தோன்றுகிறது.

உண்மையில் திரையில் தெரியும் புள்ளி வேறு, நம் பிள்ளை வேறு. புள்ளி நிற்பதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். அவற்றைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

விமானம் ஏன் மறைகிறது?

பலரும் பயன்படுத்தும் ‘ஃப்ளைட்ரேடார்24’ ஸ்வீடனில் 2006-ல் தொடங்கப்பட்டது. பறக்கும் விமானம் தன் இடம், உயரம், வேகம் ஆகியவற்றை ரேடியோ அலையில் தானாகவே அறிவித்துக்கொண்டே போகும். தரையில் ஆங்காங்கே இருக்கும் ரிசீவர்கள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. இவற்றில் பல, ஆர்வலர்கள் தங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்திருப்பவை.

ஒரு ரிசீவரால் சில நூறு கிலோமீட்டர் தூரம் வரைதான் பிடிக்க முடியும். நடுக்கடலில் ரிசீவருக்கு எங்கே போவது? சில விமானங்களின் சிக்னலைச் செயற்கைக்கோள் பிடிக்கும். மற்ற நேரங்களில் ‘இந்நேரம் இங்கே இருக்கும்’ என்று கணித்துக் காட்டுவார்கள், அல்லது படம் மறைந்துவிடும். விமானத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நம் போனுக்குத் தகவல் வரவில்லை, அவ்வளவுதான்.

பாதை மாறினாலும் பயம் வேண்டாம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபிறகு, டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகே ஜி.பி.எஸ். குழப்பத்தால், திரையில் விமானம் திடீரென இடம்மாறித் தாவுவதும் உண்டு.

ஒரு டிக், இரண்டு டிக்

வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சாம்பல் டிக் என்றால், நம் செய்தி கிளம்பிவிட்டது, அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். விமானத்தில் இருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம், சிம் மாற்றிக்கொண்டிருக்கலாம். சில விமான நிலையங்களில் இலவச வைஃபைக்கு ஓ.டி.பி. கேட்பார்கள். ரோமிங் போடாத இந்திய சிம்முக்கு அந்த ஓ.டி.பி. வராது. பேரப்பிள்ளையைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறும் தாத்தா, பாட்டி மாட்டிக்கொள்வது இங்கேதான். அப்போது பதறுவது அமெரிக்காவில் காத்திருக்கும் மகன்!

நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். சீனாவில் வாட்ஸ்அப் முடக்கப்பட்டிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம். ஆனால், அதில் பேசுவதற்கு நீண்டகாலமாகக் கட்டுப்பாடு உண்டு. துபாய்க்குப் போன பையன் வீடியோ காலில் வரவில்லை என்றால், அவனைக் கோபித்துப் பயனில்லை.

கடலில் நின்ற புள்ளி

சரி, புள்ளி நிற்பது நிஜமாகவே ஆபத்தாக இருந்தால்?

இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 2018-ல் ‘கோல்டன் குளோப்’ பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டார். தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவர வேண்டிய போட்டி அது. வழி கண்டுபிடிக்க ஜி.பி.எஸ். கூடாது. சாட்டிலைட் போனில் வீட்டாரோடு பேசவும் கூடாது. ஆனால், படகில் இருக்கும் கருவி ஒன்று, அது போகும் இடத்தை இணையத்தில் உலகத்துக்கே காட்டிக்கொண்டிருக்கும். படகில் இருப்பவர் சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துத் தன் இடத்தைக் கணக்குப் போடுவார். வீட்டில் இருப்பவருக்கோ அது போனிலேயே தெரியும்!

செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி அவருடைய படகு புரண்டது. பாய்மரம் உடைந்தது. முதுகெலும்பில் பலத்த அடி, எழுந்திருக்க முடியவில்லை. அவசரக் கருவி மூலம் சில வார்த்தைகளில் செய்தி அனுப்பினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து அவர் இருந்த இடம் சுமார் 3,500 கிலோமீட்டர். இந்தியக் கடற்படை விமானம் படகைக் கண்டறிந்தது. செப்டம்பர் 24 அன்று ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அந்த மூன்று நாள்களும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படிக் கழிந்திருக்கும்!

அவரைக் காப்பாற்றியது முன்னேற்பாடு. ஆபத்து என்றால் எந்தக் கருவியை எடுப்பது, செய்தி யாருக்குப் போகும், அவர் யாரை அழைப்பார் என்பதெல்லாம் கிளம்பும் முன்பே முடிவாகியிருந்தன. அதே போட்டியில் மீண்டும் இறங்கிய டோமி, 236 நாள்கள் கடலில் இருந்து, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.

நம் வீட்டுப் பயணங்களுக்கும் தேவை அதே முன்னேற்பாடுதான்.

அன்பா, கண்காணிப்பா?

‘ராத்திரி 2 மணிக்கு ஆன்லைன்ல இருக்கியே, தூங்கலையா?’ என்று ஜெர்மனியில் படிக்கும் மகளிடம் கேட்கிறார் அம்மா. இங்கே 2 மணி என்றால் கோடைக்காலத்தில் அங்கே இரவு 10.30தான். அம்மாவின் கேள்வியில் இருப்பது அக்கறை. மகளுக்கு அது விசாரணை மாதிரி கேட்கிறது. இப்படி நாலு முறை நடந்தால், அவள் ‘லாஸ்ட் சீன்’ தெரியாதபடி மறைத்துவிடுவாள். பிறகு உண்மையிலேயே ஒரு கஷ்டம் வரும்போதும் வீட்டில் சொல்லத் தயங்குவாள். நஷ்டம் அங்கேதான்.

அதனால், எந்நேரமும் இருப்பிடம் தெரிய வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளவு வைத்துப் பகிரலாம். இரவில் தனியாக டாக்ஸியில் போகும்போது, புது ஊரில் அறை தேடும்போது என, தேவையான நேரத்துக்கு மட்டும் போதும்.

ஊருக்கே சொல்ல வேண்டாம்

குடும்ப குரூப்பில் போடுவது வேறு, எல்லோரும் பார்க்கும்படி போடுவது வேறு. ‘குடும்பத்தோடு 15 நாள் ஐரோப்பா டூர்’ என்ற பதிவு, வீடு பூட்டியிருக்கிறது என்ற அறிவிப்பும்தான். படங்களைத் திரும்பி வந்தபின் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘உங்கள் மகனை போலீஸ் பிடித்துவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்’ என்று மிரட்டும் மோசடி அழைப்புகள் வருகின்றன. மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பது சமூக வலைதளத்திலேயே கிடைத்துவிட்டால், மோசடிக்காரர்களுக்கு வேலை சுலபம். குரலைக்கூடப் போலியாக உருவாக்கும் காலம் இது. போனை வைத்துவிட்டு, மகனின் எண்ணுக்கோ அவன் நண்பருக்கோ நீங்களே அழைத்துப் பேசுங்கள். பணம் அனுப்பிவிட்டால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் பேசிவிடுங்கள்

* தினமும் எப்போது தகவல் வரும் என்று முடிவுசெய்யுங்கள். ‘நம்ம நேரத்துக்கு ராத்திரி 8 மணிக்குள் ஒரு மெசேஜ்’ என்பது போல. ஓர் ஒற்றை எமோஜி வந்தாலும் போதும்.

* தகவல் வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, பிறகு முதலில் யாரை அழைப்பது என்பதையும் பேசிவையுங்கள்.

* உடன் தங்குபவர் அல்லது நெருங்கிய நண்பர் ஒருவரின் எண் வீட்டில் இருக்கட்டும். பல நேரங்களில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே நல்ல பாலம் நண்பர்கள்தான்.

* பாஸ்போர்ட், விசா, டிக்கெட், இன்ஷூரன்ஸ் நகல்களை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

* அந்த நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும் புகார் பதியலாம்.

* குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான அழைப்பு வந்தால், அதைக் கேட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இவற்றைப் பேசி முடிக்க ஒரு காபி குடிக்கும் நேரம் போதும். அதன்பிறகு புள்ளி சற்று நேரம் நின்றாலும், ‘8 மணிக்குள் மெசேஜ் வந்துவிடும்’ என்று அடுத்த வேலையைப் பார்க்கலாம். போன பிள்ளையும், வீட்டில் கேள்வி கேட்பார்களே என்ற நினைப்பில்லாமல் ஊரைச் சுற்றிப் பார்க்கும்.